கேட்காமலே படித்துவிடும் செயலி

கல்லூரிகளிலிருந்து புதிதாக ஆள் எடுக்கும் பருவம் வந்தால் எங்கள் அலுவலகத்தில் ஒரு சண்டையும் கூடவே வந்துவிடும். "இன்னும் 8085-ஐயே கட்டிக்கிட்டு அழுதுட்டு இருக்காங்க. அதை எப்பத்தான் பாடத்திட்டத்துல இருந்து தூக்குவாங்க?" என்று நேர்முகத்தேர்வை முடித்துவிட்டு வரும் யாராவது ஆரம்பிப்பார். 1976-இல் வந்த இன்டெல் செயலிச் சில்லு. சுமார் 6,500 டிரான்சிஸ்டர். கையில் இருக்கும் போனுக்குள் அதைப்போலப் பல லட்சம் மடங்கு இருக்கிறது. எதிர்த்தரப்பு உடனே "அடிப்படை தெரியாதவன் ஆர்ம் செயலியைப் பத்திப் பேசி என்ன பிரயோஜனம்?" என்று கிளம்பும். டீ ஆறும்வரை போகும். நான் இரண்டு பக்கமும் நின்று பேசியிருக்கிறேன், எதிலும் மனசு ஒட்டியதில்லை. இரண்டு பேருமே சில்லின் வயதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அதை வைத்துப் படிக்கிற பிள்ளையின் மண்டைக்குள் என்ன படம் போய் உட்காருகிறது என்பதைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை.

அந்தப் படம் எனக்கு நன்றாகத் தெரியும். மைக்ரோபிராசஸர் லேபில் ஆளுக்கொரு கிட் கிடைக்காது, மூன்று பேருக்கு ஒன்று. சிவப்பு எழுத்தில் எரியும் ஏழு-துண்டு டிஸ்ப்ளே, பதினாறு எண்களுக்கான கீபேட், ஜெராக்ஸின் ஜெராக்ஸாக மங்கிப்போன, கட்டளைகளுக்கான எண்கள் அடங்கிய ஆப்கோட் தாள். 4100 என்று முகவரி அடித்துவிட்டு ஒவ்வொரு பைட்டாக ஏற்ற வேண்டும். கூட்டு என்றால் 80, நிறுத்து என்றால் 76. இன்றைக்கும் 76 என்ற எண்ணைப் பேருந்துப் பலகையில் பார்த்தால் எனக்கு ஹால்ட் என்றுதான் ஓடும். அந்தக் கிட் கொடுத்த சந்தோஷத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். நிரல் என்பது கடைசியில் வெறும் எண்கள், அந்த எண்கள் ஓர் இடத்தில் இருக்கின்றன, அந்த இடத்துக்கு ஒரு முகவரி உண்டு. இதை விரல் நுனியில் உணரவைக்க அதைவிட மலிவான வழி கிடையாது.

ஆனால் அதோடு ஒட்டிக்கொண்டு இன்னொன்றும் வந்தது: டி-ஸ்டேட் அட்டவணை, அதாவது எந்தக் கட்டளைக்கு எத்தனை கிளாக் துடிப்பு என்ற கணக்கு. ரெஜிஸ்டரை (செயலிக்குள்ளேயே எண் வைக்கும் இடம்) கூட்ட 4, எண்ணை நேரடியாக ஏற்ற 7, நினைவகத்தில் எழுத 13. வைவாவில் வெளித்தேர்வாளர் கேட்பதே இதைத்தான். முதலில் கட்டளையை எடு, அடுத்து அது என்னவென்று பார், அப்புறம் வேண்டியதைக் கொண்டுவா, கடைசியில் செய். ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. 8085-க்கு இது ஏறக்குறைய உண்மை. ஏறக்குறைய என்று சொல்லக் காரணம், அதன் முன்னோடியான 8080-இலேயே கூட்டலின் விடை, அதற்கான ரெஜிஸ்டராகிய அக்யுமுலேட்டருக்குள் போய்ச் சேருவது அடுத்த கட்டளையை எடுக்கத் தொடங்கிய பிறகுதான். இன்டெலின் பழைய கையேட்டில் அடிக்குறிப்பாக இது இருக்கும். லேபில் இதை யாரும் சொல்வதில்லை. செயலி என்பது ஒழுங்கான ஒரு குமாஸ்தா, ஒரு நேரத்தில் ஒரு வேலை என்ற படத்தோடுதான் வெளியே வருகிறோம்.

## அக்கா மகளின் சந்தேகம்

அக்கா மகள் கோயம்புத்தூரில் ஈசிஇ மூன்றாம் ஆண்டு. புராஜெக்டுக்கு ரிஸ்க்-ஃபைவ் செயலி ஒன்றை, சுற்றுகளை விவரிக்கும் மொழியான வெரிலாக்கில் எழுதிக்கொண்டிருந்தாள், 32 பிட் அடிப்படைக் கட்டளைகள் மட்டும். இப்போது பாதி வகுப்பு இதைத்தான் எடுக்கிறது. 2010-இல் பெர்க்லியில் தொடங்கிய கட்டளைத்தொகுதி, காசு கிடையாது, உரிமம் வாங்க வேண்டாம், அடிப்படைத் தொகுதியில் மொத்தமே நாற்பதை ஒட்டித்தான் கட்டளைகள். கிட்ஹப்பில் இதேபோல் ஆயிரம் கிடக்கிறதே, இன்னொன்று எதற்கு என்று அவளிடம் கேட்க நினைத்திருந்தேன். அதற்குள் ஒரு ராத்திரி அவளே கூப்பிட்டாள்.

"மாமா, டீகோட் ஸ்டேஜ்லதானே இது என்ன கட்டளைன்னே தெரியவருது. அதே ஸ்டேஜ்ல ரெஜிஸ்டரையும் படிச்சு முடிச்சிடுதுன்னு படம் போட்டிருக்காங்க. என்ன கட்டளைன்னு தெரியறதுக்கு முன்னாடி எதைப் படிக்கணும்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"ரெஜிஸ்டர் நம்பர் எப்பவும் ஒரே இடத்துலதாம்மா இருக்கும். எந்தக் கட்டளையா இருந்தாலும் இடம் மாறாது. அதனால பாத்துட்டு இருக்க வேண்டாம், நேரா படிச்சிடலாம்."

"சரி. ஆட் இம்மீடியட்ல, அதான் ரெஜிஸ்டரோட நேரா ஒரு எண்ணைக் கூட்டுறதுல, ரெண்டாவது ரெஜிஸ்டரே இல்லையே. அப்ப?"

"அப்பவும் படிக்கும்."

"எதை மாமா?"

"அந்த இடத்துல என்ன பிட் கிடக்குதோ, அதை நம்பர்னு வச்சுக்கிட்டு அந்த ரெஜிஸ்டரை."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அப்ப குப்பையைப் படிக்குதா?"

"ஆமா. படிச்சிட்டுத் தூக்கிப்போட்டுடும்."

வேலையில் எத்தனையோ பேருக்கு இதைச் சொல்லியிருக்கிறேன், மதியச் சாப்பாட்டுக்கு நடுவில், வேறு எதையோ யோசித்துக்கொண்டே. "குப்பையைப் படிக்குதா?" என்று அவள் அதிர்ந்துபோய்க் கேட்டபோதுதான் நான் சொல்லும் விஷயம் எவ்வளவு விநோதமானது என்று எனக்கே உறைத்தது. நிரல் எழுதுகிறவன் இப்படி எழுதினால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். தேவையா என்று பார்க்காமல் ஒன்றைப் போய்ப் படிப்பதும், அது அர்த்தமில்லாத எண் என்று தெரிந்த பிறகு சத்தமில்லாமல் விட்டுவிடுவதும் மென்பொருளில் பிழை. செயலிக்குள் அதற்குப் பெயர் வடிவமைப்பு.

அவளிடம் ஒரு கட்டளையை எடுத்துக் கையால் பிரிக்கச் சொன்னேன். ஆறாம் ரெஜிஸ்டரோடு 7 என்ற எண்ணைக் கூட்டி ஐந்தாம் ரெஜிஸ்டரில் போடு. பதினாறடிமான எண்ணாக 00730293. பிட்டாக விரித்தால் 000000000111, 00110, 000, 00101, 0010011. இடமிருந்து முதல் பன்னிரண்டும் கூட்ட வேண்டிய 7. அடுத்த ஐந்து ஆறாம் ரெஜிஸ்டர். அதற்கடுத்த மூன்று, கூட்டல் என்பதற்கான அடையாளம். பிறகு விடை போக வேண்டிய ஐந்தாம் ரெஜிஸ்டர். கடைசி ஏழு பிட் ஆப்கோட். இரண்டாவது ரெஜிஸ்டருக்கு என்று இந்தக் கட்டளைத்தொகுதி ஒதுக்கியிருக்கும் இடம் 24 முதல் 20 வரையிலான பிட்கள். இந்தக் கட்டளையில் அந்த இடத்தில் 7 என்ற எண்ணின் வால் கிடக்கிறது: 00111. ஆகவே செயலி ஏழாம் ரெஜிஸ்டரையும் போய்ப் படிக்கிறது. ஏழாம் ரெஜிஸ்டருக்கும் இந்தக் கூட்டலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. படித்த மதிப்பு கூட்டும் சுற்றின் வாசல்வரை வந்து நிற்கும். அதற்குள் ஆப்கோடைப் பார்த்து முடித்த கட்டுப்பாட்டுச் சுற்று, வாசலில் இருக்கும் மக்ஸை, அதாவது வருவதில் ஒன்றை மட்டும் உள்ளே விடும் தேர்வுச் சுற்றை, 'ரெஜிஸ்டர் வேண்டாம், எண்ணை விடு' என்று திருப்பிவிட்டிருக்கும்.

கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவர்கள் இதைத்தான் செய்கிறார்கள். உப்பு இந்த மூலை, பாயசம் அந்த ஓரம் என்று இலையில் இடம் நிலையாக இருப்பதால், உட்கார்ந்திருப்பவரின் முகத்தைக்கூடப் பார்க்காமல் வைத்துக்கொண்டே போக முடிகிறது. ஒவ்வொருவரிடமும் வேணுமா என்று கேட்டால் முதல் பந்தியே மூன்று மணிக்குத்தான் முடியும்.

## இரண்டு பக்கமும் ஓடும் நிபந்தனை

இந்த ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் சரசரவென்று அவிழ்கிறது. மென்பொருளில் நிபந்தனை என்பது பாதை பிரியும் இடம். ஒரு பக்கம் போனால் மறுபக்கம் நடக்கவே நடக்காது. வெரிலாக்கில் அதே சொல்லை எழுதினால் கிடைப்பது மக்ஸ். இரண்டு பக்கத்துச் சுற்றும் சில்லில் அச்சாகிவிடும், இரண்டும் எப்போதும் இயங்கிக்கொண்டே இருக்கும், எதன் விடை வெளியே வர வேண்டும் என்பதை மட்டும் நிபந்தனை தீர்மானிக்கும். கூட்டல், கழித்தல், ஆண்ட், ஆர், எக்ஸ்-ஆர், இடப்பெயர்ச்சி என்று, கணக்குப் போடும் பகுதியான ஏஎல்யு எல்லா விடைகளையும் ஒரே நேரத்தில் தயார் செய்து ஒன்றை மட்டும் அனுப்புகிறது. அந்தக் கூட்டும் சுற்றுக்கு உள்ளேயே போய்ப் பார்த்தால் அங்கேயும் இதே கதை. கீழ்ப்பாதியிலிருந்து கேரி வருமா வராதா என்று காத்திருக்காமல், வந்தால் ஒரு விடை, வராவிட்டால் ஒரு விடை என்று மேல்பாதியை இரண்டு முறை கூட்டி வைத்துக்கொண்டு, கேரி வந்ததும் ஒன்றைப் பொறுக்கும் முறை 1960-களிலிருந்தே இருக்கிறது.

மென்பொருளிலிருந்து இந்தப் பக்கம் வருகிறவர்கள் முட்டிக்கொள்ளும் இடமும் இதுதான். வெரிலாக் பார்ப்பதற்கு சி மாதிரியே இருக்கும். அதுதான் வினையே. வரிகளை மேலிருந்து கீழே ஓடும் நிரலாகப் படித்தால் ஒன்றுமே புரியாது. ஒவ்வொரு வரியும் ஒரு சுற்று, எல்லாம் ஒரே சமயத்தில் உயிரோடு இருக்கின்றன என்று படிக்க வேண்டும். ஜிடிகே வேவ் என்ற கருவியில் அலைவடிவத்தைத் திறந்து செங்குத்துக் கோட்டை ஒரு கிளாக் விளிம்பில் நிறுத்தி, அந்தக் கணத்தில் எந்தெந்தக் கம்பியில் என்ன மதிப்பு என்று கீழே இறங்கிக்கொண்டே போனால்தான் கண் பழகும். இடமிருந்து வலமாகப் படிப்பது அப்புறம்.

ரிஸ்க்-ஃபைவில் மாணவர்கள் அதிகம் திட்டுவது, நிபந்தனை நிறைவேறினால் வேறிடத்துக்குத் தாவும் கிளைக்கட்டளையின் வடிவத்தை. எவ்வளவு தூரம் தாவ வேண்டும் என்ற எண்ணை ஒழுங்காக வரிசையில் வைக்காமல் துண்டு துண்டாகச் சிதறடித்திருப்பார்கள். எண்ணின் 11-வது பிட் கட்டளையின் 7-வது இடத்தில் கிடக்கும், 12-வது பிட் 31-வது இடத்தில். கட்டளைப் பெயர்களை எண்களாக மாற்றும் அசெம்பிளரை எழுதிப் பார்க்கும் எவனுக்கும் இதை வடிவமைத்தவர்கள்மேல் கோபம் வரும். மக்ஸ்களை எண்ணிப் பார்த்தால் கோபம் தணிந்துவிடும். நினைவகத்தில் எழுதும் கட்டளையிலும் இந்த எண்ணின் மற்ற பிட்கள் அதே இடங்களில்தான் இருக்கின்றன. இரண்டு வடிவங்களுக்கும் நடுவே இடம் மாறுவது ஓரத்துப் பிட்கள் மட்டுமே. ஆகவே ஒவ்வொரு பிட்டுக்கு முன்னாலும் இருக்க வேண்டிய மக்ஸ் சின்னதாகிவிடுகிறது. குறி பிட் எந்த வடிவத்திலும் 31-வது இடத்தில்தான். எண் நேர்மமா எதிர்மமா என்பதை 32 பிட்டுக்கும் நீட்டும் வேலையை, இது என்ன கட்டளை என்று தெரிவதற்கு முன்பே ஆரம்பித்துவிடலாம். அசெம்பிளருக்குத் தலைவலி ஒரு தடவை. செயலிக்கு மிச்சமாகும் நேரம் ஒவ்வொரு கட்டளைக்கும். யாரை நோகவைப்பது என்பதில் இவர்களுக்குக் குழப்பமே இருந்ததில்லை.

இன்டெல், ஏஎம்டி கணினிச் செயலிகளின் எக்ஸ்86-இல் இந்தச் சொகுசு கிடையாது. அங்கே கட்டளையின் நீளம் 1 பைட்டிலிருந்து 15 பைட் வரை எதுவாகவும் இருக்கலாம். இந்தக் கட்டளை எங்கே முடிகிறது என்று தெரியாமல் அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. அதற்கும் ஒரு முரட்டு வழி உண்டு: கையில் இருக்கும் ஒவ்வொரு பைட்டிலும் ஒரு கட்டளை தொடங்குவதாகவே வைத்துக்கொண்டு எல்லா நீளங்களையும் ஒரே நேரத்தில் கணக்கிட்டுவிட்டு, உண்மையில் தொடக்கமாக இல்லாதவற்றைத் தள்ளிவிடுவது. மறுபடியும் அதே பழக்கம்தான், செலவு மட்டும் கூடுதல்.

## கிளையா இல்லையா என்று தெரியும் முன்னே

ஒரு கட்டளை முடியும் முன்பே அடுத்தது உள்ளே நுழையும் ஐந்து கட்ட பைப்லைனில் கிளைக்கட்டளை தாவுமா தாவாதா என்பது மூன்றாவது கட்டத்தில்தான் தெரியும். அதற்குள் பின்னால் இரண்டு கட்டளைகள் உள்ளே நுழைந்துவிட்டிருக்கும். 1980-களின் மிப்ஸ் செயலி இதை மறைக்காமல் நிரல் எழுதுகிறவனின் தலையில் கட்டியது. கிளைக்கு அடுத்து இருக்கும் ஒரு கட்டளை, தாவினாலும் தாவாவிட்டாலும் ஓடியே தீரும், அதற்கேற்ப எழுதிக்கொள் என்றது. அந்தக் காலத்துக்கு நல்ல யோசனைதான். பைப்லைன் நீண்டபோது அந்த ஓர் இடம் யானைப் பசிக்குச் சோளப்பொரி ஆகிவிட்டது, ஆனாலும் பழைய நிரல்களுக்காக அதைச் சுமந்துகொண்டே இருக்க வேண்டியதாயிற்று. ரிஸ்க்-ஃபைவை வடிவமைத்தவர்கள் அதைத் தொடவே இல்லை.

மாற்று வழி, ஊகித்துக்கொண்டு ஓடுவது. ஜேம்ஸ் ஸ்மித் 1981-இல் எழுதிய இரண்டு பிட் எண்ணி இன்றைக்கும் முதல் பாடம். 0 முதல் 3 வரை எண்ணும். தாவினால் ஒன்று கூட்டு, தாவாவிட்டால் ஒன்று குறை, 2-ம் 3-ம் என்றால் தாவும் என்று வைத்துக்கொள். பத்து முறை சுற்றும் லூப்பில் அது ஏமாறுவது வெளியேறும்போது மட்டும். ஆனால் எனக்கு இதில் பிடித்த பகுதி அந்த எண்ணி இல்லை. ஊகிக்கும் அட்டவணையைப் புரட்டுவது கட்டளையை எடுக்கும் முதல் கட்டத்திலேயே. அப்போது செயலியின் கையில் இருப்பது முகவரி மட்டும்தான். வரப்போவது கிளைக்கட்டளையா, சாதாரணக் கூட்டலா என்பதே தெரியாது. அப்படியும் ஒவ்வொரு முகவரிக்கும் அட்டவணையைப் புரட்டி, இங்கே முன்பு ஒரு கிளை இருந்ததா, எங்கே தாவியது என்று பார்த்துக்கொண்டே போகிறது. 2004-இல் வந்த பென்டியம் 4-இன் பிரெஸ்காட் வடிவத்தில் பைப்லைன் 31 கட்டம். ஒரு தடவை ஊகம் தப்பினால் உள்ளே இருப்பதையெல்லாம் கழுவி ஊற்ற வேண்டும். அந்த நீளத்துக்குப் பிறகு இன்டெலே பின்வாங்கியது.

அடிக்கடி வேண்டியதைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளும் சின்ன நினைவகமான கேச் இன்னும் அழகு. நிரல் கொடுப்பது கற்பனை முகவரி, அதை உண்மையான முகவரியாக மாற்ற டிஎல்பி என்ற அட்டவணையைப் பார்க்க வேண்டும், அதற்கு அப்புறம்தான் கேச்சைத் தேட முடியும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் நினைவகத்தைப் பிரித்து வைக்கும் பக்கம் 4 கேபி என்றால் முகவரியின் கடைசி 12 பிட் மாற்றத்தில் மாறாது. 64 பைட் வரிக்கு 6 பிட், 64 தொகுதிகளில் ஒன்றைத் தேர ஒரு 6 பிட். ஆக அந்தப் பன்னிரண்டை வைத்தே தொகுதியைக் கண்டுபிடித்து, அதில் இருக்கும் எட்டு வரிகளையும் ஒரேயடியாகப் படித்து வைத்துக்கொள்ளலாம். டிஎல்பி விடை சொல்லும்போது பொருந்துகிற ஒன்றை எடுத்துக்கொண்டு மற்ற ஏழையும் விட்டுவிடலாம். 64-ஐ 64-ஆல் பெருக்கி எட்டால் பெருக்கினால் 32 கேபி. 2006-இன் கோர் 2 முதல் பத்தாண்டுக்கும் மேலாக இன்டெலின் முதல்நிலை டேட்டா கேச் அந்த 32-ஐ விட்டு நகராததற்கு இந்தக் கணக்கு ஒரு முக்கியக் காரணம். 2019-இல் 48 ஆக்கியபோது எட்டைப் பன்னிரண்டாக்கினார்கள். ஆப்பிளின் எம்1 128 கேபி வைத்துக்கொள்ள முடிந்ததற்கு அங்கே பக்கமே 16 கேபி என்பதும் சேர்ந்து உதவியது. இந்த எண்களைச் சில்லு விளம்பரத்தில் பார்க்கும்போது அக்கா மகள் இனி சும்மா கடந்துபோக மாட்டாள் என்று நினைக்கிறேன்.

## தூக்கிப்போட்டது எங்கே போகிறது

2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற இரண்டு செயலி ஓட்டைகள் வெளியானபோது எங்கள் குழுவில் எல்லோரும் அதைப் பாதுகாப்புச் செய்தியாகத்தான் படித்தார்கள். எந்த பேட்ச் போட வேண்டும், எவ்வளவு வேகம் குறையும் என்பதுதான் பேச்சு. எனக்கு அது செயலிப் பாடத்தின் விடுபட்ட அத்தியாயம். மெல்ட்டவுனில் நிரல், தனக்கு அனுமதியில்லாத கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) முகவரியிலிருந்து ஒரு பைட்டைப் படிக்கச் சொல்கிறது. செயலி வழக்கம்போல முதலில் படித்துவிடுகிறது. அனுமதி இல்லை என்ற தீர்ப்பு கட்டளை நிறைவேறும் கடைசிக் கட்டத்தில்தான் அமலுக்கு வரும். அந்த இடைவெளியில் அடுத்த கட்டளை அந்த பைட்டையே சுட்டெண்ணாக வைத்து, 4096 பைட் இடைவெளியில் அடுக்கிய 256 இடங்களில் ஒன்றைத் தொட்டுவிட்டு வந்துவிடுகிறது. பிறகு எல்லாம் ரத்து. ரெஜிஸ்டர்கள் பழையபடி. ஆனால் தொட்ட இடம் கேச்சில் ஏறிவிட்டது. 256 இடங்களையும் ஒவ்வொன்றாகப் படித்து, எது சட்டென்று வருகிறது என்று கடிகாரத்தை வைத்துப் பார்த்தால் கெர்னலின் ரகசிய பைட் என்னவென்று தெரிந்துவிடும். ஏஎம்டி சில்லுகள் மெல்ட்டவுனில் சிக்கவில்லை. அவற்றில் அனுமதியில்லாத மதிப்பு பின்னால் வரும் கட்டளைகளின் கைக்குப் போவதில்லை. படித்துவிட்டுத் தூக்கிப்போடுவதில் எந்த இடத்தில் கதவைச் சாத்துவது என்பதில்தான் இன்டெலும் ஏஎம்டியும் வேறுபட்டன. 

ஏஎல்யு-வும் டி-ஸ்டேட்டும் மட்டும் தெரிந்த ஒருவருக்கு மெல்ட்டவுனைப் புரியவைக்க முயன்றிருக்கிறேன். 'அனுமதி இல்லைன்னா அதை ஏன் படிக்கப் போகுது?' என்ற முதல் கேள்வியிலேயே நின்றுவிடும். அதனால் அலுவலகச் சண்டையில் இப்போது என் கட்சி இது: 8085 இருந்துவிட்டுப் போகட்டும், ஒரு மாதம். கிட்டில் விரல் பதியட்டும். டி-ஸ்டேட் மனப்பாடத்தை மட்டும் தூக்கிவிட்டு, மிச்ச நாட்களில் ஒரு சின்னச் செயலியை எழுதவிடுங்கள். கருவிகள் எல்லாம் இப்போது இலவசம். இக்காரஸ், வெரிலேட்டர், யோசிஸ் மூன்றும் சாதாரண லேப்டாப்பில் ஓடும். படித்துப் பார்க்க நிஜமான செயலி வேண்டுமென்றால் ஐஐடி மெட்ராஸின் சக்தி இருக்கிறது, மூலம் முழுவதும் பொதுவில். அதை உருவாக்கிய காமகோடி குழு அதில் ஒன்றை 2018-இல் இன்டெலின் 22 நானோமீட்டர் முறையில் சில்லாகவே செய்து எடுத்தது. சக்தியை எழுதியிருக்கும் புளூஸ்பெக் மொழியில் வரிசை என்பதே கிடையாது. விதிகள் மட்டும். நிபந்தனை நிறைவேறிய விதிகள், ஒன்றோடொன்று மோதாதவரை, அதே கிளாக்கில் ஒருசேர ஓடும். ஆரம்பிக்கிறவர்களுக்கு அது கொஞ்சம் கரடுமுரடு. வெரிலாக்கின் சி-வேஷத்துக்கு அது எவ்வளவோ மேல் என்பது என் கருத்து, ஒத்துக்கொள்ளாதவர்கள்தான் அதிகம்.

## மின்சாரம் யார் அப்பன் வீட்டுக் காசு

நான் இப்படி மகிழ்ந்துபோய்ப் பேசிக்கொண்டே இருந்ததில் அவளுக்கு ஒரு முள் குத்திக்கொண்டே இருந்திருக்கிறது. சில வாரம் கழித்துக் கேட்டாள். "மாமா, குப்பையைப் படிச்சாலும் கரண்ட் செலவாகும்ல?"

ஆகும். பிட் 0-விலிருந்து 1-க்கு மாறும் ஒவ்வொரு தடவையும் ஒரு கம்பியின் கொள்ளளவை நிரப்பிக் காலி செய்ய வேண்டியிருக்கிறது. சில்லின் இயக்கச் செலவில் பெரும்பங்கு இதுதான். டிரான்சிஸ்டரைச் சின்னதாக்கினால் மின்னழுத்தமும் கூடவே இறங்கும் என்ற சௌகரியம் 2005-ஐ ஒட்டி முடிந்துபோனது. அதற்குப் பிறகு வேண்டாத வேலையைச் செய்யாமல் இருப்பதே தனிக் கலை ஆகிவிட்டது. தேவையில்லாத பகுதிக்குக் கிளாக்கை நிறுத்துவது, பயன்படாத உள்ளீட்டை மாறாமல் பிடித்து வைப்பது என்று நான் வேலை செய்யும் பேட்டரிக் கருவிகளில் பாதி நேரம் அதற்கே போகிறது. இந்தப் பக்கத்தின் எல்லைக்குப் போனால் ஓலோஃப் கிண்ட்கிரென் எழுதிய சர்வ் என்ற ரிஸ்க்-ஃபைவ் செயலி கிடைக்கும். கிளாக்குக்கு ஒரே ஒரு பிட். 32 பிட் எண்ணைக் கூட்ட 32 கிளாக்குக்கு மேல் ஆகும். மிக வேகமான செயலிகள் வாரி இறைக்கும் இடத்தில் அது எச்சில் கையால்கூடக் காக்கா ஓட்டுவதில்லை. அவளுக்கு அதன் சுட்டியை அனுப்பினேன், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார் என்று.

அவள் வேறொன்று செய்தாள். இரண்டாவது ரெஜிஸ்டர் தேவைப்படாத கட்டளைகளில் அதைப் படிக்கவே விடாதபடி ஒரு சின்னச் சுற்றைச் சேர்த்தாள். அவளுடையது ஐஸ்40 எஃப்பிஜிஏ போர்டு, எழுதிய சுற்றை ஏற்றி ஓட்டிப் பார்க்கும் சில்லு. அதில் நினைவகக் கட்டத்துக்குப் படிக்கும் வாசல் ஒன்றுதான், அதனால் இரண்டு ரெஜிஸ்டரை ஒரே சமயத்தில் படிக்க ரெஜிஸ்டர் தொகுதியையே இரண்டு பிரதியாக வைத்திருந்தாள். இரண்டாவது பிரதியின் படிக்கும் அனுமதிக் கம்பியில் தன் சுற்றைப் போட்டுவிட்டு, சுற்றைச் சில்லில் பொருத்தி வேகத்தைக் கணக்கிடும் நெக்ஸ்ட்பிஎன்ஆரை ஓட்டினாள். நான் சொல்லிவைத்தபடி கிளாக் வேகம் குறைய வேண்டும். 'தெரிந்துகொள்ள நேரமில்லை, அதனால் கேட்காமல் படிக்கிறது' என்பதுதானே என் வாதம்.

குறையவில்லை. அவள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் மிக நீளமான பாதை எங்கே என்று நெக்ஸ்ட்பிஎன்ஆர் காட்டியிருந்தது: முந்தைய கட்டளையின் விடையை நேரே கொண்டுவரும் ஃபார்வர்டிங் மக்ஸில் கிளம்பி, ஒப்பிடும் சுற்று வழியாக, அடுத்த கட்டளையின் முகவரிக்குப் போகும் பாதை. கிளைக்கட்டளையின் பாதை. அந்த நினைவகக் கட்டம் கிளாக் விளிம்பில்தான் படிக்கும் என்பதால் அவளுடைய டீகோட் கட்டத்தில் நேரம் தாராளமாக மிச்சம் இருந்தது. ஒரு கேட் கூடினதை அது கண்டுகொள்ளவே இல்லை.

"நீங்க சொன்ன காரணம் என் போர்டுல இல்லை மாமா."

நீ முதலில் சொன்ன படத்தில் போட்டிருக்கும் செயலியில் ரெஜிஸ்டரைப் படிப்பதும் டீகோடும் ஒரே கிளாக்குக்குள் நெருக்கியடிக்கின்றன, உன்னுடையதில் அப்படி இல்லை என்றேன். ஒத்துக்கொண்டாள். கேச்சைச் சேர்த்து, கட்டளை அங்கிருந்து தாமதமாக வரத் தொடங்கினால் டீகோட் கட்டத்தின் மிச்சம் கரையும், அப்போது அந்தச் சுற்றை எடுத்துவிடுவாய் என்றும் சொன்னேன். அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. கேச் வந்தால் நீளமான பாதை கேச்சுக்குள்ளேயே போய்விடும், அப்போதும் இது இலவசம்தான் என்கிறாள். வழிகாட்டி ஆசிரியர் அடுத்த வாரத்துக்குள் இறுதி வடிவத்தைக் கேட்டிருக்கிறார். அவள் இன்னும் கேச்சில் இருப்பது தேடியதுதானா என்று டேக்கை ஒப்பிடும் பகுதியையே எழுதி முடிக்கவில்லை.